சுயம்பு அண்ணனுக்கு விலை பேசிய ஞாயிற்றுக்கிழமை

ஒட்டுப்பாலின் நாற்றம் அறியாதவர்களுக்கு அதை எப்படி விளக்கினாலும் புரியாது. ரப்பர் மரத்தில் வெட்டிய சாலில் ஒழுகி, உறைந்து, நாடாபோல ஒட்டிக்கிடக்கும் பாலை மறுநாள் காலையில் உரித்தெடுப்பார்கள், அதுதான் ஒட்டுப்பால். ஈரத்தோடு சாக்கில் கிடந்தால் செத்த எலி தோற்றுப்போகும். அந்த நாடாவைக் காகித உருண்டையின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றி நாங்கள் செய்த பந்துதான், கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் காட்டுக்குள் ஒரே வரிசையாக நின்ற எங்கள் தொழிலாளர் வீடுகளில், அதாவது "லயனில்", பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் பந்து. தரையில் குத்தினால் கூரைக்குமேல் போகும், எந்தப் பக்கம் போகும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. உதைத்துவிட்டு வந்தால் காலை மோந்து பார்த்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்குள் விடுவாள்.

எங்கள் லயனில் பந்து என்றால் சுயம்பு அண்ணன். பக்கத்து வீடு. தாய் தகப்பன் இல்லாதவர், நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் வெள்ளை நாமம், ஒல்லி உடம்பு, நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற ஆள். மைதானத்தில் இறங்கினால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகுமோ! வலது காலால் அவர் அடித்த பந்து வளைந்து உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் தங்கப்பன் மாமா, எங்கள் சாயாக்கடைக்காரர், "எலே, இது காலா, இல்ல கையாலே?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் காலில் எங்கள் எல்லாருக்கும் பாத்தியதை உண்டு என்று லயன் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. ரப்பர் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒதுக்கிய மரங்கள் உண்டு. வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் இறங்காது, பால் இல்லாவிட்டால் கூலி குறையும். சுயம்பு அண்ணனுக்கு ஆட்டம் இருக்கிற நாளில் மற்றவர்கள் அவருடைய மரங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைத்துக்கொண்டு, தங்கள் வெட்டு முடிந்த கையோடு அதையும் வெட்டி, பாலை அவர் பேரில் ஊற்றிவிடுவார்கள். அவர் தூங்கி எழுந்து பஸ் ஏறினால் போதும். இதற்கு "மரம் எடுக்கிறது" என்று பெயர். யார் தொடங்கிவைத்தார்களோ தெரியாது, சண்டைக்காரர்கள்கூட மரம் எடுக்காமல் இருந்ததில்லை.

நான் ஐந்தாவது படிக்கிறபோது, கிறிஸ்மஸ் நேரத்தில் அணிக்கு ஏழுபேராக ஆடும் "செவன்ஸ்" ஆட்டங்கள் தொடங்கவிருந்த சமயம், புதுக்கடை அணியை நடத்திய முதலாளி எங்கள் லயனுக்கு வந்தார். அந்த அணிக்கும் எங்களுக்கும் ஆகவே ஆகாது. அவர்களோடு ஆடிய ஆட்டம் எதுவும் அடிதடி இல்லாமல் முடிந்ததில்லை. வந்த மனிதர் சுற்றி வளைக்காமல், சுயம்புவை எங்களுக்குத் தாருங்கள், அவனுக்கு என் கடையில் வேலை தருகிறேன், உங்களுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றார். எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களிடையே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவன் வேறு அணிக்குப் போகவேண்டுமென்றால் அவனுடைய சட்டையைத் துவைத்து மடித்து, சொந்த ஊர் அணியின் செயலாளர் நாலுபேர் பார்க்க எதிரணிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். சட்டை கைமாறாமல் அவனை எவரும் இறக்க மாட்டார்கள். எங்கள் அணிக்குச் செயலாளர் என் அப்பா ஞானதாஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து வந்ததும் பால் அளக்கிற ஷெட்டில் எல்லாரும் கூடினார்கள். பெண்களும் வந்து ஒருபக்கமாக உட்கார்ந்தார்கள், நான் அம்மாவோடு இருந்தேன். முதலாளி மரியாதையாக வெளியே ஜீப்பில் காத்திருந்தார். சுயம்பு அண்ணன் தங்கப்பன் மாமாவின் கடையிலிருந்து சாயாவை எடுத்துவந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பெத்த பிள்ளைய விப்பானாலே ஒருத்தன்?" என்று முதலில் எழுந்தது தங்கப்பன் மாமாதான். "நாளைக்கு புதுக்கடைக்காரன் சட்டய போட்டுட்டு நமக்கு எதுத்து கோல் போடுவான், அப்ப கைய தட்டுவியளா, மாரடிப்பியளா?" இன்னொருவர், அவன் போனால் அடுத்த ஆட்டத்தோடு நம் அணியைக் கலைத்துவிட்டுச் சீட்டு விளையாடப் போகலாம் என்றார். அவன் மரத்தை எத்தனை பனியில் நாங்கள் வெட்டியிருக்கிறோம், அந்தக் கால் நாங்கள் போட்ட சோறு என்றார் வேறொருவர். அப்பா கடைசியில் எழுந்து, ஏதோ ஜெபக்கூட்டத்தில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி, "அவன் நம்ம லயனுக்க மானம் மக்கா. மானத்த ஆராவது தூக்கிக் குடுப்பானா?" என்றார். ஷெட்டே அதிர்ந்தது.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "மானத்த வச்சு பிரசவம் பாக்க முடியாது. அந்த ஜீப்ப கேளுங்க."

முந்தின மழைக்காலத்தில் அம்மாவுக்கு வலி கண்டபோது மலையில் ஒரு வண்டி இல்லை. பஸ் வரும்வரை காத்திருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் தம்பி பிறந்து இறந்தான். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவள் ஊர் நடுவில் எடுத்ததும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் எல்லாரும் ஜீப் ஜீப் என்று பிடித்துக்கொண்டார்கள். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று முதலாளியை உள்ளே கூப்பிட்டு, லயனில் நிற்க உங்கள் ஜீப் வேண்டும் என்றார்கள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கிடுங்க," என்றார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் ஆட்கள் வாழ்நாளெல்லாம் ஒட்டுப்பால் விற்றவர்கள். வியாபாரி சாக்கைத் தூக்கிப் பார்ப்பான், ஈரம் என்பான், மண் என்பான், விலையை இறக்குவான். ரெண்டு பக்கமும் தொண்டை கிழியாமல் ஒரு சாக்கும் கைமாறாது. கேட்ட மாத்திரத்தில் சரி என்ற ஒரு மனிதரை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. "கேட்ட ஒடனே தாறான்னா, நாம கொறச்சுக் கேட்டுட்டோம்னு அர்த்தம்," என்று யாரோ அப்பாவின் காதில் சொன்னார்கள். அப்பா டிரைவரும் வேண்டும் என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். டீசலும் நீங்கள்தான் போடவேண்டும் என்றார் அப்பா. அதற்கும் சரி என்றார். ஐயோ, அந்த நல்ல மனிதர் ஒரே ஒருமுறை முகத்தைச் சுளித்திருந்தால் போதும்! மூன்றாவது சரியோடு ஷெட்டில் எல்லார் முகமும் இருண்டுவிட்டது. அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "எல்லாத்துக்கும் சரிங்குதவருக்கு நாங்க ஒண்ணும் தாறதா இல்ல, நீங்க போலாம்," என்றார். கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், சுயம்பு அண்ணனைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றினார்கள். அம்மா மட்டும் எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் சுயம்பு அண்ணன் அப்பாவிடம் வந்து, "இனி எனக்க மரத்த ஆரும் எடுக்கண்டாம் அண்ணே. நானே வெட்டிட்டு வந்து ஆடுதேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். சொன்னதுபோலவே ஆட்டநாளிலும் அவர் விடியுமுன் எழுந்து தன் மரங்களைத் தானே வெட்டி, பாலைத் தானே சுமந்து, குளித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். கோலும் போட்டார். பழைய சிரிப்பு மட்டும் இல்லை.

அரையிறுதி புதுக்கடையோடுதான். அன்று காலை பனி இறங்கிக் கிடந்தது. வெட்டிக்கொண்டே அடுத்த மரத்துக்கு நகர்ந்தவர் சருகுக்குள் கிடந்த "அணலி"யை, கண்ணாடிவிரியனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், மிதித்துவிட்டார். கடித்தது வலது காலில். அவர் போட்ட சத்தம் லயன்வரை கேட்டது. அப்பாவும் மற்றவர்களும் ஒரு கம்பில் போர்வையைக் கட்டி அதில் அவரைப் போட்டுத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். ஓடினார்கள் என்று சொல்ல ஆசைதான். அந்தப் பாதையில் ஆளைச் சுமந்துகொண்டு யாரால் ஓட முடியும்? நானும் அம்மாவும் கொஞ்சதூரம் பின்னாலேயே போனோம். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவர் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பஸ்ஸு வந்திருக்குமா? பஸ்ஸு வந்திருக்குமா?" என்று கேட்டபடியே இருந்தார். வந்திருக்கவில்லை. அது வர இன்னும் நெடுநேரம் கிடந்தது.

உயிர் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, அதைக் கேட்டு நின்றவர்களில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். மைதானத்தில் காத்திருந்து விஷயம் தெரிந்து அந்த முதலாளியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. இருட்டிவிட்டது, பஸ் இருக்காது என்று எங்கள் ஆட்களைத் தன் வண்டியிலேயே ஏற்றி லயனில் கொண்டுவந்து இறக்கினார். அதே ஜீப். அப்பா இறங்கி வந்து, செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா அவரைத் திட்டுவாள் என்று பயந்து நின்றேன். அவள் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அதன்பிறகு எங்கள் அணி ஆடவில்லை. அப்பா பந்துச் சத்தம் கேட்கிற இடத்தில் நிற்க மாட்டார். சுயம்பு அண்ணனுக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்துக் கொடுத்தார்கள். அப்பா அந்த வழியாகப் போகவேண்டி வந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி காட்டுப்பாதையில் ஏறி வருவார். முட்டி தேய்ந்த வயதிலும் அப்படித்தான் ஏறினார்.

இன்று அங்கே மைதானம் இல்லை, அந்த இடத்திலும் ரப்பர் வைத்துவிட்டார்கள். லயனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் இந்தி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுப்பாலில் பந்து சுற்றுகிற பிள்ளைகள் இல்லை, மரம் எடுக்கிறது என்றால் மரத்தை வெட்டி விற்கிற தடி வியாபாரம் என்று நினைக்கிறார்கள். போன் செய்தால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது. வரட்டும், நல்லதுதான். எனக்குத்தான் அதன் சத்தம் கேட்டால் வயிறு எரிகிறது.

போன மாதம் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு, செயற்கைக் காலோடு மெதுவாக நடந்துவந்து சுயம்பு அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா செய்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே என்று அழுதேன். வேறு என்ன சொல்ல?

"ஒங்கப்பா போவண்டாம்னு சொன்னது தப்பில்ல மக்களே," என்றார். "நான் அங்கதான சாயா குடுத்துட்டு நின்னேன். அத்தன பேரு இருந்தாவ. நீ போறியாலேன்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. அதான் எனக்கு பொறுக்கல்ல."

"கேட்டிருந்தா போயிருப்பியளா அண்ணே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எங்க மக்களே போவேன்? நம்ம சட்டய விட்டுட்டு எவன் சட்டய போடுவேன்? போயிருக்க மாட்டேன்."

அவனை நான்தான் போகவிடவில்லை, நான்தான் போகவிடவில்லை என்று இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனுஷனை நாங்கள் மண்ணில் வைத்து அப்போது ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.