நகைக்குக் காவல்

மலை ஏறுவதற்கென்று என் கணவரின் அத்தான் வாங்கிய சப்பாத்தின் அடியில், நாங்கள் மொரோக்கோ போய்ச் சேர்ந்த பிறகும் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. கழற்ற மறந்துவிட்டார் என்று நல்ல மனம் உள்ளவர்கள் நினைக்கலாம். எனக்கு நல்ல மனம் இல்லை. பின்னால் வருகிற நாங்கள் அந்த விலையைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அவர் கல்லுக்குக் கல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் என் மச்சாளின், அதாவது கணவரின் அக்காவின், புருஷன். முறைப்படி நான் அண்ணை என்று கூப்பிடவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். பதினான்கு வருடம் பாரிஸில் இருந்துவிட்டு, பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு லண்டன் வந்து, பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக் குடியேறி, ஈஸ்ட் ஹாமில் கடை போட்டவர். பாரிஸில் அவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதற்காக நான் அவரை இளக்காரமாகப் பார்க்கவில்லை. என் கணவரும் கழுவினவர்தான், நானும் கழுவியிருக்கிறேன். கழுவிய அந்தப் பதினான்கு வருடமும் ஆல்ப்ஸ் மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் மாதிரிக் கதைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பயணத்துக்கு முதல் பயிற்சி வேண்டும் என்று சொல்லி, மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆர்ச்வேக்குக் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் இறங்கி முருகன் கோயில் வரைக்கும் ஹைகேட் ஹில்லில் ஏறுவதுதான் பயிற்சி. ஏறி முடிந்ததும் அர்ச்சனை, பிறகு பொங்கல், பிறகு ஆளுக்கு இரண்டு வடை. இறக்கம் பஸ்ஸில். மூன்றாவது கிழமை முடிவில் நாலு பேருக்கும் நிறை கூடியிருந்தது.

நான் இந்தப் பயணத்துக்குத் தலையாட்டியதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அண்ணை காட்டிய படத்தில், பாலைவனத்து மலை இரண்டாகப் பிளந்து, செந்நிறப் பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் கிடந்தது. நான் அப்போது எட்டு மாதமாக, செவ்வாய்க்கிழமை தோறும், கவுன்சில் நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீந்தப் பழகிக்கொண்டிருந்தேன், முப்பத்தெட்டு வயதில். வீட்டில் எக்ஸர்சைஸ் கிளாஸ் என்று சொல்லி வைத்திருந்தேன். மச்சாளின் காதுக்குப் போனால் ஈஸ்ட் ஹாம் முழுக்கப் போய்விடும்.

எட்டு மாதம் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தேன். ஏன் தலை நனைந்திருக்கிறது என்று என் கணவர் ஒருநாளும் கேட்கவில்லை. மழை என்று நினைத்திருப்பார். இல்லை, அதைக்கூட நினைத்திருக்கமாட்டார். கேட்டால் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு வீம்பு வந்துவிட்டது. அந்தப் பச்சைத் தண்ணீரில் அவர் கண் முன்னாலேயே இறங்கி அக்கரைக்குப் போய்க் காட்டவேண்டும், அவர் பார்க்கவேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. அந்தத் தண்ணீரைப் பார்க்கப் போன அன்று சட்டைக்கு உள்ளே நீச்சலுடை போட்டிருந்தேன்.

நகையைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளை உடைத்தவர்கள் டீவியைத் தொடமாட்டார்கள். நேரே போய் அரிசி வாளிக்குள் கையை விடுவார்கள். அவ்வளவுக்கு எங்களைப் படித்து வைத்திருந்தார்கள். அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாலும் நகையும் கூடவே வரும். பேங்கில் பெட்டி எடுத்து வைக்கலாமே என்று மச்சாளிடம் சொன்னேன்.

"வெள்ளைக்காரன்ர பெட்டிக்குள்ள வைச்சிட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?" என்றார்.

ஆக, இடுப்பில் கட்டுகிற ஒரு பைக்குள் மச்சாளின் தாலிக்கொடி, பதக்கச் சங்கிலி, காப்பு எல்லாம் அடைந்து பாலைவனம் பார்க்கப் புறப்பட்டன. என் தாலிக்கொடியையும் வாங்கி அதற்குள் போட்டவர் என் கணவர். "அக்கா கவனமா வைச்சிருப்பா," என்றார்.

வறண்ட ஆற்றுப்படுக்கையில் ஒரு மணி நேர நடை. எங்களைக் கூட்டிப்போன உள்ளூர்க்காரருக்கு அறுபது வயதிருக்கும். பிளாஸ்டிக் செருப்போடு விறுவிறு என்று முன்னால் போனார். அண்ணை அவரோடு பிரெஞ்சில் கதைத்தார். அவர் மரியாதையாக இங்கிலீஷில் பதில் சொன்னார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அண்ணைக்கு மூச்சு வாங்கும். உடனே டிஜிட்டல் கமராவை என் கணவரிடம் நீட்டி, பாறையில் ஒரு காலை வைத்து நின்று படம் எடுப்பிப்பார். மச்சாள் குடை பிடித்துக்கொண்டு வந்தார். நாலு பேருக்கும் ஈரம் துடைக்கக் கொண்டுவந்த நாலு துவாயும் என் முதுகில் இருந்தன.

ஒரு திருப்பத்தில் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. குளிர்ந்த காற்று வந்தது. கீழே அந்தத் தண்ணீர், படத்தில் இருந்ததைவிடப் பச்சையாக. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது.

"இதென்ன, வெறுங் கல்லு," என்றார் மச்சாள். "இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

சொல்லிவிட்டுப் பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "நீர்தானே தண்ணிக்க இறங்கமாட்டீர். இதை வைச்சுக்கொண்டு இரும்."

மூன்று பேரும் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பது பெரிய வார்த்தை. அண்ணை சப்பாத்தைக் கழற்றி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். மச்சாள் துவாயை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கீச்சிட்டார். என் கணவர் ஒரு துவாயைக் கல்லில் விரித்து அதன் மேல் இருந்து காலைத் தொங்கவிட்டார். நாலு பேரில் நீந்தத் தெரிந்த ஒருத்தி பாறையில் இருந்து நகை காத்தாள். இந்தக் கூத்து ஒரு மணி நேரம் நடந்தது.

இன்னும் அரை மணி நேரத்தில் திரும்பவேண்டும் என்று கூட்டிவந்தவர் சொன்னதும் எழும்பிக் கணவரிடம் போனேன்.

"இஞ்சேருங்கோ, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ. நானும் இறங்கப்போறன்."

"உமக்கென்னத்துக்கு இப்ப தண்ணி? வழுக்கி விழுந்தீரெண்டால் ஆர் தூக்குறது?"

"எனக்கு நீந்தத் தெரியும்."

அண்ணைதான் முதலில் சிரித்தார். "எங்க, பாத்ரூம் வாளிக்குள்ளயோ?" மச்சாளும் சிரித்தார். அது எனக்குப் பெரிதில்லை. என் கணவரும் சிரித்தார். நான் பொய் சொல்கிறேனா, உண்மை சொல்கிறேனா என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல், அண்ணையைப் பார்த்துச் சிரித்தார்.

பையை என் இடுப்பில் கட்டினேன். கொளுவியை இறுக்கினேன். சட்டையோடு குதித்தேன்.

கவுன்சில் குளத்தில் எங்களுக்கு நீந்தப் பழக்கிய வெள்ளைக்காரப் பெண், பிஜாமாவோடு இறங்கி அடியில் கிடக்கிற றப்பர் கல்லை எடுத்துவரச் சொல்லுவாள். இதெல்லாம் எதற்கு என்று அப்போது எரிச்சலாக இருக்கும். இதற்குத்தான். நகையின் பாரம் கீழே இழுத்தது. நான் கையை வீசினேன். தண்ணீர் எலும்புக்குள் போகிற குளிர். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். சந்தோஷத்தில் எனக்கு வாயெல்லாம் தண்ணீர்.

நடுவில் தலையைத் தூக்கியபோதுதான் சத்தம் கேட்டது.

"ஐயோ, என்ர நகை! என்ர நகை!" இது மச்சாள்.

"பிடியுங்கோ, பிடியுங்கோ!" இது அண்ணை. முழங்கால் தண்ணீரை விட்டு ஓரடி அசையவில்லை.

பிறகு என் கணவர். கரையில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்தினார். "பையைக் கழட்டி இங்கால எறியும்! இங்கால எறியும்!"

நான் அக்கரைக்குப் போய் ஏறினேன். பாறையில் காலை நீட்டி இருந்தேன். எங்களைக் கூட்டிவந்தவர் மட்டும் கையைத் தட்டினார். பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் வர அவர்கள் ஒருவருக்கும் ஏலாது. முதலில் ஏசினார்கள், பிறகு கெஞ்சினார்கள். "வாரும் பிள்ளை, நல்ல பிள்ளையெல்லோ," என்றார் மச்சாள். பதினைந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல சொல் அது. அதைக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

திரும்பி நீந்தி வந்தேன். கரையில் கால் வைத்ததும் மச்சாள் தானே கொளுவியைக் கழற்றிப் பையைப் பறித்தார். ஒரு துவாயைப் பாறையில் விரித்து, நகையை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பி, ஈரத்தை ஒற்றினார். என் கணவர் பக்கத்தில் குந்தியிருந்து, தாலிக்கொடியின் கண்ணிகளுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது என் தாலிக்கொடி. நான் இரண்டு அடி தள்ளி நின்று பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன். துவாய் தேடினேன். ஒன்று மச்சாளின் தலையில், ஒன்று அண்ணையின் காலடியில், ஒன்று கணவர் இருந்த கல்லில். மூன்றும் ஈரம். காய்ந்து கிடந்தது நாலாவது ஒன்றுதான். என்னுடையது. அதில் நகை கிடந்தது.

விமானத்தில் கணவர் மெல்லச் சொன்னார். "பாரத்தில நீர் தண்ணிக்க தாண்டு போவீரெண்டு பயந்துதான் எறியச் சொன்னனான்."

பாரத்துக்குப் பயந்தவர் கழட்டித் தண்ணிக்க விடும் என்று கத்தியிருப்பார். இங்கால எறியும் என்று கத்தமாட்டார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை குளத்துக்குப் போகிறேன், சொல்லிவிட்டுத்தான் போகிறேன். என் கணவர் வாசல் மட்டும் வந்து நின்று ஒவ்வொரு கிழமையும் கேட்பார்.

"துவாய் எடுத்தனீரே?"

ஓம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அந்தக் கேள்வியை அன்றைக்கு அந்தப் பாறையில் கேட்டிருந்தால், நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.