லீவுக்கு முந்திய வெயில்

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் அடுத்து யார் ஊருக்குப் போகப் போகிறார்கள் என்பதை டிக்கெட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதுவரை நன்றாக இருந்த ஒரு பெண் திடீரென்று பகலில் வெளியே வருவதை நிறுத்திவிடுவாள். கடைக்குப் போவதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. பால்கனியில் துணி காயப்போடும்போதும் தலையில் ஒரு துண்டு இருக்கும். காரில் வெயில் விழும் பக்கம் உட்காரச் சொன்னால் முகம் சுளிப்பாள். "லீவா?" என்று கேட்டால் மட்டும் கூச்சத்தோடு சிரிப்பாள்.

ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை. சைட்டில் நிற்கிறவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் ஃபோர்மேனைக் கெஞ்சி உள்வேலை கேட்டு வாங்குவார்கள். கறுத்துப்போய் இறங்கினால், பாவம், வெயிலில் கிடந்து சாகிறான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். வெளுத்து இறங்கினால் ஏசி ஆபீஸ். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் அப்புறம்தான் பார்ப்பார்கள்.

இதைக் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை. நானும் அந்த ஒரு மாதம் வௌவால் மாதிரிதான் வாழ்வேன். அதிலும் நான் தோல் டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ். தெரியாமல் செய்கிறவர்களையாவது மன்னிக்கலாம்.

எங்கள் கிளினிக்கில் காத்திருக்கும் நாற்காலிகளைப் பார்த்தால் எவருக்கும் தலை சுற்றும். ஒரு நாற்காலியில் வருடக்கணக்காகக் கடற்கரையில் எண்ணெய் தேய்த்துக் கிடந்த வெள்ளைக்காரப் பெண்மணி, மூக்கில் ஆறாத ஒரு புண்ணைக் காட்ட வந்திருப்பார். அதற்கு அடுத்த நாற்காலியில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, வெளுப்பதற்கு ஊசி இருக்கிறதாமே என்று விசாரிக்க வந்திருப்பாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அவர் இவள் நிறத்தையும், இவள் அவர் நிறத்தையும் மனதுக்குள் விலை பேசுவது எனக்குத் தெரியும். இருவருக்கும் டாக்டர் எழுதித் தருவது ஒரே சன்ஸ்கிரீன்.

இதற்கு நடுவில் எனக்கு முழங்கால் வலி. ரத்தத்தைப் பார்த்த டாக்டர், வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது, மாத்திரை சாப்பிடு, வாரத்தில் சில நாளாவது கொஞ்ச நேரம் காலை வெயிலில் உட்கார் என்றார். ஹைதராபாத்காரர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் உண்டா? எட்டிப் பார்த்தால் பொசுக்குகிறது, பார்க்காவிட்டால் எலும்பு நோகிறது. யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வழக்கம்போல் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் என் தம்பிக்குக் கல்யாணம். எங்களுக்காகவே பள்ளி விடுமுறையில் தேதி வைத்திருந்தார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் உள்ள எங்கள் ஊரில், சர்ச் நிறைய உறவு கூடும் கல்யாணம். என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். உறவுக்காரர்கள் பலர் அவளைக் கடைசியாகப் பார்த்தது சின்னப் பிள்ளையாக. எனக்கு அந்த ஒரு நினைப்புதான். அவளை ஆரஞ்சுப் பாவாடை தாவணியில் நிறுத்தி, 'இது என் மகள்' என்று சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, நீச்சல் வகுப்பில் கூட வரும் ரஷ்யப் பெண்ணின் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வருகிறேன் என்றாள். போ என்றேன். சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்தவளைப் பார்த்தேன். முகம், கழுத்து, தோள், கை எல்லாம் செம்பு நிறத்தில் பளபளத்தன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்தப் பெண்ணும் இவளும் திரும்பித் திரும்பிப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள்.

"அம்மா, டேன் லைன் பாருங்க. செமயா வந்திருக்கு!" என்று தோள்பட்டையைச் சற்று விலக்கிக் காட்டினாள். அவளுடைய பழைய நிறம் அங்கே ஒரு நாடா அகலத்துக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அழகாகத்தான் இருந்தாள். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை. ஏசி அறையில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வெளிறிய சோகை இருக்கும். அது போய், ஓடி விளையாடி வந்தவள் மாதிரி ஒரு களை வந்திருந்தது. அது கண்ணில் பட்ட மறு நொடியே என் வாய் வேறு எதையோ கத்தியது.

"கல்யாணத்துக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? அறிவு இருக்கா உனக்கு? இப்பிடி கரிக்கட்டயா வந்து நிக்க!"

அவள் முகம் வாடியது. உடனே நர்ஸாக மாறினேன். அது எனக்குச் சுலபம். தோல் கறுப்பது அழகு இல்லை, அடிபட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று விளக்கினேன். நம் நிறம் கொஞ்சம் காக்கும், முழுக்கக் காக்காது என்றேன். கிளினிக்குக்கு வரும் அந்தப் பெண்மணியின் மூக்கைப் பற்றிச் சொன்னேன். கேன்சர் என்ற சொல்லையும் விட்டுவைக்கவில்லை. சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் எனக்கே கேட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா டெய்லி வெயில்லதானே நிக்கிறாங்க?" என்றாள். "அவங்ககிட்ட நீங்க ஒரு தடவ கூட கேன்சர்னு சொன்னதில்லயே. வீடியோ கால்ல வந்தா 'ஐயோ கறுத்துட்டிய'ன்னுதானே சொல்லுவீங்க?"

என் கணவர் கத்தாரில் ராஸ் லஃபானில் கேஸ் பிளான்ட் டெக்னீஷியன். அவள் சொன்னது உண்மை. "வாய்க்கு வாய் பேசாத, போய்க் குளி" என்றேன். பதில் இல்லாத அம்மாக்கள் எல்லாருமே பிள்ளைகளைக் குளிக்கத்தான் அனுப்புகிறோம்.

அவள் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தபோது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் கல்யாண வேலை முழுக்க அவள் தலையில்தான். புடவை, சமையல்காரர் என்று பேசிக்கொண்டே வந்தவள், "ஏட்டி, பிள்ள எங்க? காட்டு பாப்பம்" என்றாள்.

போனைச் சட்டென்று மறுபக்கம் சாய்த்தேன். "அவ தூங்குகா க்கா" என்றேன்.

மகள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அது கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் கணவரிடம் முறையிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வீடியோவில் பேச வந்திருந்தார். கன்னத்தில் ஹெல்மெட் வார் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. கதையைக் கேட்டதும் பெரிதாகச் சிரித்தார். "எம் பிள்ளல்லா! இப்பம் அப்பனுக்கும் மவளுக்கும் ஒரே கலரு. உனக்கு என்ன பொறாமையா?"

"நீங்க ஒரு நல்ல புத்தி சொல்லுவியன்னு பாத்தா..."

"நான் என்னத்த சொல்ல? எனக்கு ரெண்டு மணி நேரம் நெழல் கெடச்சா சொர்க்கம். அது காசு குடுத்துப் போய் வெயில்ல கெடக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல பிள்ள" என்று அவர் போனை வைத்தார். எங்கள் குடும்பத்திலேயே தன் குழப்பத்தை நேர்மையாக ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த வாரம் வீடு அமைதியாக இருந்தது. மகள் கடற்கரைப் பேச்சையே எடுக்கவில்லை. என் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேன்சரைச் சொன்னதால் பயந்துவிட்டாள் போல, நல்லதுதான் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

இங்கே அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் பார்லரில், லீவுக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு கிரீம் கிடைக்கும். வெள்ளை டப்பா, மேலே ஒரு எழுத்து இருக்காது, உள்ளே ரோஜா வாசனை. நாங்கள் அதை லீவு கிரீம் என்போம். பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். எப்படி ஆகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் என்ன மருந்தைக் கலந்திருப்பார்கள் என்றும், அது தோலை எப்படித் தேய்த்து மெலிதாக்கிவிடும் என்றும் தெரியும். அப்படிக் கெட்டுப்போன முகங்களுக்குக் கிளினிக்கில் நான்தான் மருந்து போட்டு அனுப்புகிறேன். என்றாலும் அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு டப்பா இருந்தது. கொஞ்சமாகத்தானே, கடைசி சில நாள்தானே என்று சொல்லிக்கொள்வேன். அறிவு கிளினிக்கில் இருக்கும், கை வீட்டில் இருக்கும்.

டியூட்டி முடிந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது மகளின் அறையில் விளக்குப் போடவில்லை. போட்டேன். அவள் கையால் முகத்தை மறைத்தாள். விரல் இடுக்கில் தெரிந்த கன்னம் வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்து வீங்கியிருந்தது. தோளில் தோல் உரிந்திருந்தது.

"என்ன மக்ளே இது? என்ன சாப்பிட்ட?"

"அலர்ஜி" என்றாள்.

குனிந்து பார்த்தபோது ரோஜா வாசனை அடித்தது. அலமாரியைத் திறந்து புடவைகளைத் தள்ளிப் பார்த்தேன். டப்பா வழித்து எடுத்ததுபோல் காலியாக இருந்தது. நான் டியூட்டியில் இருந்த பகல்களில், வெயில் சுட்ட தோலின் மேல் அவள் அதை அப்பி அப்பிப் பூசியிருக்கிறாள்.

கடற்கரையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தாளே, அந்தப் பெண்ணா இவள்? எது அவளுடைய ஆசை? கறுக்க வேண்டும் என்பதா, வெளுக்க வேண்டும் என்பதா? ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டே யோசித்தேன்.

டாக்டரிடம் கொண்டு போனேன். டப்பாவை மேசையில் வைத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலேயே கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். முகத்துக்கு வெயிலே ஆகாது, வீக்கம் வடிந்த பிறகும் திட்டுத் திட்டாகக் கறுப்பு நிற்கலாம், போக மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். கல்யாணத்துக்குள் போகுமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த டேன்?" என்றேன்.

அது நல்லதில்லை, தோலுக்கு அதுவும் ஒரு காயம்தான், இனிமேல் அப்படிப் போய்க் கிடக்க வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆனால் அந்த நிறம் சில வாரத்தில் தன்னால் கரைந்து போயிருக்குமே என்றார்.

காரில் வரும் வழியில் அழுதேன். ஆத்திரமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த ரஷ்யப் பெண் மேலா, பார்லர்க்காரி மேலா, மணிக்கணக்கில் வெயிலில் நிற்கிற என் கணவர் மேலா?

"ஏன் மக்ளே பூசுன? கடல்ல இருந்து வந்தப்பம் அவ்வளவு சந்தோசமா இருந்தியே."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க பெரியம்மாகிட்ட நான் தூங்குறேன்னு சொன்னீங்க. நான் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."



ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது அக்கா மறுபடி கூப்பிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் எனக்கு எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. கன்னத்தில் இரண்டு பக்கமும் கரும்பழுப்புத் திட்டு, நெற்றியில் உரிந்த தோல், கழுத்தில் பழைய செம்பு நிறம் கொஞ்சம். எத்தனை நிறம் என்று எனக்கே எண்ணத் தெரியவில்லை.

"பிள்ள எங்கட்டி? அண்ணைக்கும் பாக்கல்ல" என்றாள் அக்கா.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே மகள் கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். போன் திரைக்குத் தெரியாதபடி சுவரோரமாக நகர்ந்து, கதவருகே நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தின் கீழே வைத்துத் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறேன் என்று சொல்லுங்கள் என்று எனக்குச் சாடை காட்டினாள்.

"தூங்கல்ல க்கா" என்றேன். "இந்தா நிக்கா." போனை அவள் பக்கம் திருப்பினேன்.

அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "ஐயோ எஞ்சேசுவே, பிள்ளக்கு மொகத்துக்கு என்ன ஆச்சு? இப்பிடியா கறுத்துப் போவும்?" என்று தொடங்கினாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்க்கவில்லை, பெரியம்மா சொன்னது காதில் விழுந்த மாதிரியும் இல்லை. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.