ஐந்து லிட்டர் கேனும் ஒரு தவறான கேள்வியும்

1. லேபிலிருந்து வந்த போன்

சென்னிமலை ஆய்வு தொடங்கி மூன்றாவது வாரம், எங்கள் லேப் டெக்னீசியன் போன் செய்தார்.

"மேடம், நாப்பத்தோராம் நம்பர் கேன்ல இருக்கறது யூரின் இல்லீங்க. கிரியேட்டினினே காணோமுங்க. குடிக்கற தண்ணியாட்டத்தான் இருக்குது."

கிரியேட்டினின் எல்லார் சிறுநீரிலும் இருந்தே ஆக வேண்டிய கழிவு. நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவர். பல வருடங்கள் டயாலிசிஸ் யூனிட்டிலேயே கழிந்திருந்தன. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிய பிறகுதான் வருவார்கள். சர்க்கரையோ பிரஷரோ இல்லாத சிலர், "எனக்கு எதனாலங்க வந்துச்சு?" என்று கேட்பார்கள். கேஸ் ஷீட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுவேன். சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர்கள் சிலர் அப்படி அடுத்தடுத்து வந்ததும், நோய் முற்றுவதற்கு முன்பே அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். துறைத் தலைவர் ஆறு மாதம் கொடுத்தார். அதற்குள் உருப்படியாக எதுவும் தெரியாவிட்டால் நான் பழையபடி வார்டுக்கே திரும்ப வேண்டும்.

ஆய்வு எளிமையானதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு ஐந்து லிட்டர் கேன் கொடுப்போம். ஒரு முழு நாள் சிறுநீரை அதில் சேர்த்துத் தர வேண்டும். கூடவே ரத்தப் பரிசோதனை, இரண்டு பக்கக் கேள்விப் படிவம். நானும் துடியலூரிலிருந்து வரும் சாந்தாமணி சிஸ்டரும் வேனில் கேன்களோடு தெருவில் இறங்கினால் ஊரே சிரிக்கும். இரண்டாவது வாரத்திலேயே எனக்குக் 'கேன் டாக்டரம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. முறைப்படி படித்து வாங்கிய பட்டங்களைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

தண்ணீர் வந்த கேனைப் பற்றித் துறைத் தலைவரிடம் சொன்னேன். அந்த நம்பரை அடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கச் சொன்னார். விதிமுறையும் அதுதான். சாந்தாமணிதான் பேனாவைத் தடுத்தார்.

"அடிக்கறது எப்ப வேணாலும் அடிச்சுக்கலாமுங்க மேடம். ஒருக்கா நேர்ல போயிக் கேட்டுப்போட்டு வந்தரலாமுங்க."

2. நாற்பத்தொன்று

நாற்பத்தோராம் நம்பர் ரங்கசாமி. பெயரை மாற்றியிருக்கிறேன். எழுத அனுமதி கேட்டபோது, அவர் உண்மைப் பெயரையே போடச் சொன்னார். நான்தான் ஒப்பவில்லை.

ஐம்பதைத் தொட்ட வயது. பெட்ஷீட் நெய்கிறவர். நாங்கள் போனபோது குழித்தறியில் உட்கார்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி மிதித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தறி நின்றது. மனைவி சரஸ்வதியை மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வந்தது, குடித்தோம், மழையைப் பற்றிப் பேசினோம். கடைசியில் நானே, கேனில் ஏதோ தவறு நடந்துவிட்டது போலிருக்கிறது, இன்னொரு தடவை தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"தப்பு நடக்கலீங்க. நாந்தானுங்க தண்ணியப் புடிச்சு ஊத்திப்போட்டேன்."

பிறகு காரணத்தைச் சொன்னார். மகளுக்கு ஈரோட்டில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. அடுத்த வாரம் பூ வைக்க வருகிறார்கள். அப்பனுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு என்று ஒரு சொல் வெளியே போனால், குடும்பத்திலேயே நோய் இருக்கும் என்று பேச்சு கலைந்துவிடும். எங்களிடம் முடியாது என்று சொல்லவும் அவருக்குக் கூச்சம். அதனால்தான் தண்ணீர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. கேன்களில் பெயர் தெரியக் கூடாது என்று கவனமாக நம்பர் மட்டும் போட்டிருந்தோம். ஆனால் முடிவுகளைத் தெருமுனைக் கோயில் வாசலில் வைத்து, எல்லார் எதிரிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். அது தவறு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இனி யாருடைய முடிவையும் அவரவர் வீட்டில், அவரிடம் மட்டும்தான் சொல்வோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். சரஸ்வதி தலையாட்டினார். மறுநாள் உண்மையான சாம்பிள் வந்தது.

அதில் புரோட்டீன் நிறையப் போயிருந்தது. ரத்தத்தில் கிரியேட்டினினும் இயல்பைவிடக் கூடுதல். பிரஷரும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவர் பயந்தது வீணில்லை.

3. மருந்தா, இல்லீங்களே

முடிவைச் சொல்லப் போனபோது படிவத்தையும் எடுத்துப் போயிருந்தேன். 'தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள் ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு ரங்கசாமி 'இல்லை' என்று சொல்லியிருந்தார். அதுவரை பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஒரு முறைக்கு இரு முறை கேட்டுவைப்போம் என்று மீண்டும் கேட்டேன்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் ரங்கசாமி.

சரஸ்வதி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவுருக்கு நோவு நொடின்னு ஒண்ணுமில்லீங்க அம்மணி. இடுப்பு வலிக்குக் காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு போட்டுக்குவாரு. அம்புட்டுத்தான்."

நானும் சாந்தாமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை நாளாக என்று கேட்டேன். மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என்றார் சரஸ்வதி. அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வந்து காட்டினார். கடையில் கேட்டதும் கிடைக்கிற வலி மாத்திரை. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்து, நாள் தவறாமல் இதைப் போட்டால் சிறுநீரகம் தாங்காது.

ரங்கசாமி பொய் சொல்லவில்லை. அவருக்கு மருந்து என்றால் நோய்க்கு டாக்டர் எழுதித் தருவது. வலி மாத்திரை டீ மாதிரி, வேலையோடு சேர்ந்தது. தவறு எங்கள் கேள்வியில்தான் இருந்தது.

அன்றே வேனில் உட்கார்ந்து கேள்வியை மாற்றினோம். 'உடம்பு வலித்தால் என்ன செய்வீர்கள்?' அவ்வளவுதான். ஏற்கெனவே பார்த்த எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனோம். வீட்டுக்கு வீடு அலமாரி திறந்தது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்தும் அட்டைகள் வந்தன. சாந்தாமணி எழுதி மாளாமல் கையை உதறிக்கொண்டார். வருகிற வழியெல்லாம் நாங்கள் சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்துக்கொண்டே வந்தோம். டயாலிசிஸ் யூனிட்டில் நான் இத்தனை வருடம் சொல்லத் தெரியாமல் நின்ற கேள்விக்கு, எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்காவது, ஒரு பதில் கிடைத்திருந்தது.

துறைத் தலைவர் புதிய படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஆறு மாதம் என்று சொன்னதை மறந்துவிடுங்கள் என்றார்.

4. கல்யாண மண்டபம்

ரங்கசாமி மாத்திரையை நிறுத்தினார். முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மணிக்கொரு தரம் தறியிலிருந்து எழுந்து நடந்தார், தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருந்தது, பிரஷருக்கு நான் கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டார். புரோட்டீன் மெல்லக் குறைந்தது. கிரியேட்டினின் ஏறாமல் நின்றது. எங்கள் துறையில் ஏறாமல் நிற்பதே கொண்டாட வேண்டிய சேதி.

தை மாதம் கல்யாணம். எனக்கும் சாந்தாமணிக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். அவருடைய பயம் தெரிந்ததால், யாராவது கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனோம். தாலி கட்டி முடிந்ததும் ரங்கசாமி சம்பந்தியின் கையைப் பிடித்து நேராக எங்களிடம் அழைத்து வந்தார்.

"இவங்கதானுங்க எம்பட கிட்னியக் காப்பாத்திக் குடுத்த டாக்டரம்மா."

நான் சாந்தாமணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியைச் சற்றுத் தூக்கி இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"ஏனுங்க, நானும் இதுக்கு நாலு வருசமா ஒரு மாத்திர போட்டுட்டு இருக்கறனுங்க. நிறுத்திப்போடட்டுங்களா?"

பந்தியில் அவர் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இலையில் மைசூர்பாகு வைக்கும் நேரத்துக்குள் இன்னும் நான்கு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். சாந்தாமணி தாம்பூலப் பையின் மேல் பெயர்களை எழுதிக்கொண்டார்.

இப்போது என்னிடம் ஆய்வுக்கு வரும் இளம் டாக்டர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், யாரிடம் கேட்கப் போகிறீர்களோ அவர் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் 'இல்லீங்க' என்று சட்டென்று சொன்னால் உடனே எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேசும் வரை காத்திருங்கள்.