கொடுவா முள்

எங்கள் ஆய்வகத்தில் மீன் முள்ளை வேகவைத்து, உலையில் சுட்டு, மாவாக்குகிறோம். தாடை எலும்பில் விழுந்த குழியை அதனால் நிரப்ப முடியுமா என்று பார்க்கும் வேலை. மாவு கரைந்தோடாமல் நின்றால்தான் அதைப் பிடித்துக்கொண்டு புது எலும்பு வளரும். அதை நிற்கவைக்கத்தான் மல்லுக்கட்டுகிறோம். இன்னும் முயலுக்கு வைத்துப் பார்ப்பதைத் தாண்டவில்லை.

முள் எங்கள் ஊரான பசியாவரத்திலிருந்து வருகிறது. ஏரியில் வலைபோடும் என் அண்ணன்தான் கொடுவா முள்ளைக் கழுவிக் காயவைத்துப் பையில் தருவார்.

அவருக்கே கீழ்த்தாடையில் கட்டி வந்தது. கட்டியை எடுத்துவிட்டுக் குழியை நிரப்ப வேண்டும் என்றார்கள். மனிதர் மசியவே இல்லை. யார் எலும்பையோ என் வாயில் வைப்பார்களா என்று குதித்தார். கடைசியில், “நம்ம முள்ளுதானே பாப்பா வெப்பாங்க?” என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். வைத்தது ஏதோ கம்பெனி செய்து விற்கும் எலும்புச் சரக்கு. குழியை நிரப்பாவிட்டால் தாடையே உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆட்டிய தலை அது.

எங்கள் ஊரில் கிழிந்த வலையைப் பொத்தும்போது நைலான் நரம்பைப் பல்லால்தான் கடித்து அறுப்பார்கள். தையல் ஆறும் முன்பே அண்ணனும் கடித்திருக்கிறார். ஈறு பிளந்துவிட்டது. வாயெல்லாம் மணல் மாதிரி நெறநெறவென்கிறது என்று போன் செய்தார். வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி இடுப்பெலும்பிலிருந்து எடுத்துத்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

அதைச் சொல்லத்தான் ஊருக்குப் போனேன். போனதும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே, வீட்டில் கத்தரிக்கோலுக்கா பஞ்சம் என்று கத்தினேன். அண்ணன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

“நம்ம கொடுவா முள்ளாச்சே, அசையாதுன்னு நெனச்சிட்டேன் பாப்பா.”

எனக்குச் சுருக்கென்றது. வேறு யாரோ செய்த சரக்கு என்று தெரிந்திருந்தால் மனிதர் பயந்து பயந்து கஞ்சி குடித்திருப்பார். என் தலையாட்டலை நம்பித்தான் கடித்திருக்கிறார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாரா என்று நாக்கு இழுத்துக்கொண்டது.

அதற்குள் அவர் உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்தார். அத்தனை வெள்ளையாக முள்ளை நான் பார்த்ததே இல்லை.

“போன தபா நான்தான் சரியா கழுவல போல கீது. இந்த தபா நல்லா தேச்சி வெச்சிகீறேன். இத்த வெக்கச் சொல்லு.”

பாவி நான், கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.