கோட்டைக்குப் போகும் வழி

1968 மே 11, இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் இல்லை. ஆனாலும் வழக்கம்போல் ஐந்தேகாலுக்கு எழுந்து, கிணற்றில் எட்டு வாளி இறைத்து, பால் வாங்கிவந்து, ஆறரைக்குள் சவரமும் முடித்துவிட்டேன். பாளையங்கோட்டையில் தபால் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் தாம்பரத்துக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது. அன்று அவருக்கு மதராஸைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு.

அதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. பதினொரு வருஷமாக சீசன் டிக்கெட்டில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போய்வருகிறேன். அங்கிருந்து அலுவலகம் ஆறு நிமிட நடை. அந்த ஆறு நிமிடத்துக்கு வெளியே எனக்கு மதராஸ் தெரியாது. என் மனைவியோ, மாலையில் நான் வந்து அளப்பதையெல்லாம் நம்பி, மதராஸில் எனக்குத் தெரியாத சந்தே இல்லை என்று அப்பாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருந்தாள். பெண்ணை இவ்வளவு தொலைவில் ஒரு குமாஸ்தாவுக்குக் கொடுப்பதா என்று ஒரு காலத்தில் தயங்கியவர் அவர். அவள் எழுதியது அவர் முன்னால் பொய்யாகிவிடக் கூடாது.

கோட்டைக்குள் இருக்கும் பழைய தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்க்க ஆசைப்பட்டார். மனைவியும் சேர்ந்து மூவருமாகக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். கோட்டைச் சுவரை ரயிலிலிருந்து தினமும் பார்ப்பவன் நான்; வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அகழி ஓரமாக விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். முப்பத்தைந்து நிமிடம் வெயிலில் நடந்து ஒரு வாசலை அடைந்தோம். அங்கே நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். அது ஆபீஸ் வண்டிகள் போகும் வழியாம். ஊருக்குப் புதிதா என்று விசாரித்தார்.

என் மானத்தைக் காப்பாற்ற மனைவி முந்திக்கொண்டாள். "பதினோரு வருஷமா இங்கதான் வேலை பாக்காங்க."

"பதினோரு வருசமா? கோட்டைக்கு வாசல் எங்க கீதுன்னு தெரியலியா? நல்லா கீது சார் உங்க கத" என்று சிரித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஆபீஸ் போற வழி ஒண்ணுதான் எனக்குத் தெரியும். உங்க பொண்ணு எழுதினதெல்லாம் நான் அவகிட்ட அளந்தது. அவ மேல தப்பில்லை."

மாமனார் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நம்ம ஊருலயும் ஒரு கோட்டை இருந்திச்சி மாப்ள. இப்ப மிச்சம் கெடக்கிறது ரெண்டு துண்டு. முப்பது வருஷம் அது பக்கத்துலயே சீல் குத்தினேன். ஒரு நாளும் ஏறிப் பாத்ததில்ல." பிறகு மகளிடம் திரும்பி, "ஒன் வீட்டுக்காரரப் பத்தி லெட்டர்ல கொஞ்சம் கொறச்சி எழுது" என்றார். அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வழியில் இரண்டு பேரைக் கேட்டு, சரியான வாசலை அடைந்தோம். தேவாலயத்து முற்றத்தில் கல்லறைக் கற்களையே தரையாகப் பதித்திருந்தார்கள். மாமனார் குனிந்து ஒவ்வொரு கல்லாக, விலாசம் படிப்பதைப் போலப் படித்தார். எழுத்து தேய்ந்த கற்களைக்கூட விடவில்லை. அப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று. தூண் நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். வெயிலில் சுற்றிய களைப்பில் அருங்காட்சியகத்துக்குப் போக யாருக்கும் தெம்பில்லை.

திரும்பும் வண்டியில் அவர் சைதாப்பேட்டைக்கு முன்பே தூங்கிவிட்டார். அருங்காட்சியகத்துக்கு நாளைக்குப் போகலாம் என்று அப்பா சொல்வதாக மனைவி மெதுவாகச் சொன்னாள். "அவங்களே வழி கேட்டுக்கிடுவாங்களாம். நீங்க கூட வந்தாப் போதுமாம்."

மறுநாள் காலை முதல் வேலையாக, கிணற்றுப் பக்கம் கூடப் போகாமல், ஐந்து நாற்பது வண்டியில் தனியாகக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து அருங்காட்சியக வாசல் வரை ஒருமுறை நடந்து பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம்.