காது கேளாத பிள்ளைகளை ஓட வைத்தவர்

காசிம் மாஸ்டர் மௌத்தாகிவிட்டார் என்று கல்முனையில் பஸ்ஸால் இறங்கும்போதே ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. சாவுச் செய்தியானாலும், அவரைப் பற்றி வந்த எதையும் நான் உடனே நம்பியதில்லை. பாடசாலைக்குப் போனேன். வகுப்புகள் கலைந்து, ஆசிரியர்கள் ஜனாஸா வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் யுத்தகாலத்தில் திருகோணமலையில் முகாமொன்றில் வேலை பார்த்தவர். பிறகு எங்களிடம் டிரில் மாஸ்டராக வந்தார். காது கேளாத பிள்ளைகளின் வகுப்பு என்னுடையது. வந்த கிழமையே கேட்டார்: "டீச்சர், காலையில உங்கட புள்ளையள எனக்குத் தாங்க. கடக்கரையில ஓட வைக்கணும்."

"ஓடினாக் காது கேக்குமா?"

"கேக்காது. நெஞ்சு பலக்கும், நித்திரை வரும், கோவம் குறையும். வேற என்ன வேணும்?"

இவ்வளவு இலகுவாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம். நாள்தோறும் நானும் போய் மணலில் நின்றேன். விசில் பயன்படாது என்பதால், கவிழ்த்த தோணியில் பிள்ளைகளின் உள்ளங்கைகளை வைக்கச் சொல்லிக் கட்டையால் தட்டுவார். கையில் உணர்ந்த அந்த அதிர்வின் வேகத்திலேயே பிறகு அவர்கள் ஓடவேண்டும். சேர்க்கஸ்காரனுக்கு விற்கத்தான் பழக்குகிறார் என்று ஊரில் கதைத்தார்கள்.

என் வகுப்பில் சபியா என்றொரு பிள்ளை. நினைத்ததைச் சொல்ல வழியில்லாமல் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடுவாள். சில மாதங்களில் கடிப்பது நின்றது. ஓட்டத்தாலா, வயது ஏறியதாலா என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஒருநாள் அவளுடைய வாப்பா, தோணிக்காரர் மீராலெப்பை, கடற்கரைக்கே வந்தார்.

"மாஸ்டர், எண்ட புள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல காக்கா. ஏன்?" என்றார் மாஸ்டர், அண்ணன் முறை வைத்து.

"முந்தி ராவெல்லாம் முழிச்சிக் கிடந்து சுவர உதைக்கிறவ. இப்ப சோறு திண்ட கையோட படுக்கிறா. சுபஹுத் தொழுகைக்கு உலுப்பித்தான் எழுப்பணும். மருந்தில்லாம இப்பிடியொரு நித்திரையா? நாளையிலயிருந்து அவ வரமாட்டா."

எனக்குப் பயம் பிடித்தது. வீட்டோடு நிறுத்தப்பட்ட பிள்ளை எதுவும் என் வகுப்புக்குத் திரும்பியதில்லை. மாஸ்டர் கோபிக்கவில்லை.

"மருந்துதான் காக்கா. நீங்களும் ஒருக்காக் குடிச்சிப் பாருங்க. வாங்க, ஓடுவம்."

மீராலெப்பை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பிள்ளைகள் வாய் பொத்திச் சிரித்தார்கள். மறுநாள் கூட்டாளிகள் வந்து கதவைத் தட்டியும் அவர் எழும்பவில்லையாம். தோணி அவரில்லாமலே கடலுக்குப் போய்விட்டது. "எண்ட உழைப்பக் கெடுத்துப் போட்டீங்களே மாஸ்டர்" என்று ஏசிக்கொண்டே மகளைக் கொண்டுவந்து விட்டார்.

ஜனாஸா வீட்டு வாசலில், சேர்க்கஸ் கதை கட்டியவர்களே அவரைப் புகழ்ந்துகொண்டு நின்றார்கள். அவர்களை நான் நம்பவில்லை. நல்லடக்கத்துக்கு மறுநாள் மீராலெப்பை பாடசாலைக்கு வந்தபோது, சபியாவை நிறுத்தத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. மாஸ்டர் இல்லாத சாட்டுல ஓட்டத்த நிப்பாட்டி, அந்த நேரத்துக்குத் தையல் வகுப்பு வைக்கப் போறீங்களாமே?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. எனக்குச் சந்தேகம்."

"இல்லை. ஓட்டம் நடக்கும்."

"ஓம், ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற. நான் வந்து பாப்பன்."

இன்று காலை சொன்னபடியே வந்து நின்றார். பிள்ளைகள் ஓடினார்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்கி நான் சற்று மெதுவானதும், அவர் உரக்கத் தொண்டையைச் செருமினார்.

மாஸ்டர், ஆறுதலாகப் போங்கள். என்னை நம்பாத ஒருவர் இங்கே காவல் நிற்கிறார்.