ஏழு வாரத் துரு

நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சி நம்ப வைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. 1948 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை, தூத்துக்குடி பீச் ரோட்டில், பட்டப்பகலில் நடந்தது.

மெக்கானிக் ஜெபசீலனுக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டே ரகம். ஒன்று ஜெபசீலன், மற்றது மடையர்கள். உடன்குடிக்காரர். கார் வைத்திருப்பவன் முட்டாள், ஓட்டுகிறவன் அவனைவிட முட்டாள், கடலில் முங்கிப் பிழைப்பவர்கள் மனுஷக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை என்பது அவருடைய தீர்மானம். பேய் என்று யாராவது வாயெடுத்தால் காறித் துப்புவார்.

அவரிடம் ஒரு கறுப்புக் கார் வந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி ஏழு வாரம்தான். மேலே முகம் பார்க்கலாம், அப்படி மினுமினுப்பு. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிரம் முழுக்கத் துரு. தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"ஏலே, கடத்தண்ணிய மோந்து ஊத்தியாலே கழுவுத? நல்லதண்ணிக்கு நடக்க வலிக்கோ?"

டிரைவர் சொரிமுத்து எட்டயபுரத்துப் பக்கத்து ஆள். "இல்ல அண்ணாச்சி. எனக்குக் கடலக் கண்டாலே பயம். பிள்ளைக மேல சத்தியமா..."

"பிள்ளைகள எதுக்குலே இழுக்க?"

காரின் முதலாளி வளன் பர்னாந்து, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்ட்ராக்டர். கறாராகச் சொல்லிவிட்டார். கடல் தண்ணீர்தான் என்று ஜெபசீலன் வாயால் வந்தால், சொரிமுத்துவுக்கு அன்றோடு சீட்டுக் கிழியும். நான்கு பெண் பிள்ளைகளைப் பெற்றவன் சொரிமுத்து. ஜெபசீலனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

திங்கட்கிழமை மண்ணெண்ணெய் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து டிரம்மைப் பளபளப்பாக்கினார். காரைத் தன் ஷெட்டிலேயே பூட்டினார். சாவி அவர் இடுப்பில்.

"இனி எவன் வந்து தண்ணி ஊத்துதான்னு பாப்போம்."

மறுநாள் பகல் 11.40. பூட்டைத் திறந்து சக்கரத்தைக் கழற்றினார்.

துரு. தரை காய்ந்து கிடந்தது. டிரம்முக்குள் மட்டும் ஈர மணல்... கூடவே அழுகின சங்குச் சதையின் வாடை.

"உப்புக் காத்து" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அதே காற்றில் அவருடைய ஸ்பானர் ஏன் துருப்பிடிக்கவில்லை என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கேட்டிருந்தால் அறை விழுந்திருக்கும்.

11.55. காருக்கு அடியில் மல்லாந்து புகுந்தார். அந்தக் காரில் பெடலிலிருந்து சக்கரம் வரை பிரேக்கை இழுப்பது ஒரு முறுக்குக் கம்பி. சக்கரத்துப் பக்கம் அதைக் கழற்றி, நுனியைக் கையில் பிடித்தார். காருக்குள் யாரும் இல்லை. வாசலில் குந்தியிருந்த சொரிமுத்துவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

சரியாகப் பன்னிரண்டு. மாதா கோவில் மணி அடித்தது.

கம்பி இழுத்தது.

வெடுக்... வெடுக்...

"ஏலே, பெடல மிதிக்காதலே!"

"நான் இங்கனதான இருக்கேன் அண்ணாச்சி..."

கால்கள் வாசலில்தான் இருந்தன.

மறுபடி. வெடுக்... வெடுக்...

இழுப்பு பெடல் பக்கம் போகவில்லை. கீழே போனது. கீழே சிமெண்டுத் தரைதான் இருந்தது.

கம்பி சில்லிட்டது. நனைந்தது. விரலிலிருந்து ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது.

உப்பு.

இன்னும் ஓர் இழுப்பு... மெதுவாக...

கையை விட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் அதை ஸ்பிரிங் கோளாறு என்று நக்கலடித்துச் சொன்னார். உதட்டை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் ஈஸா இருந்தார், சங்கு குளிக்கப் போகிற காயல்பட்டினத்துக்காரர். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு ரெண்டா இழுத்துச்சா? அது தூக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி. முங்குனவன் மூச்சு முட்டுனா கீழ இருந்து கயித்த அப்படித்தான் இழுப்பான். அதுக்குத்தான் மேல கயிறு பிடிக்க மச்சினன வைப்போம். கூடப் பொறந்தவ தாலிய நெனச்சாவது தூக்கிருவாம்லா."

யாருடைய கார் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வளனுக்குத் தங்கச்சி மாப்பிள்ள இருந்தான், இனிகோன்னு. முங்குனவன் மேல வரல்ல. ஒம்பது வருசமாச்சு. கயிறு பிடிச்சது வளன்தான். கயிறு அசையவே இல்லன்னு கோயில்ல சத்தியம் பண்ணுனாரு."

தூக்கச் சொன்னவனைக் கைவிட்டுவிட்டோம் என்பது ஜெபசீலனுக்கு அப்போதுதான் உறைத்தது. அருவருப்பாக இருந்தது. இந்தத் தடவை தன் மேலேயே.

புதன் காலை 9 மணிக்கு வளன் பர்னாந்து வீட்டு வாசலில் நின்றார்.

"டிரைவர் மேல தப்பு இல்ல முதலாளி. அவன வேலைய விட்டு எடுத்துராதீங்க." நாற்பத்தாறு வயதில் தன் வார்த்தையைத் தானே மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அவன் இருக்கட்டும். பொறவு எப்படித் துரு?"

"தெரியல. பிரேக் கம்பிய கையில பிடிச்சிருந்தேன்... இழுத்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். எத்தனை தடவை என்று சொல்லவில்லை.

வளன் பர்னாந்து ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ" என்றார். "கொஞ்சம் விட்டு, இன்னும் ரெண்டு. பொறவு ஒண்ணு... மெதுவா."